பொருள் ஒப்படைப்புப் பெருவிழா

லோக்வுட் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகத்துக்கு உபகுழு என்றால் உயிர். பந்தலுக்கு ஓர் உபகுழு, பால்குடத்துக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று. வாடகைக்குப் போன நாற்காலிகள் ஏன் திரும்பி வரவில்லை என்று விசாரிக்கவும் ஒன்று உண்டு. அது இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறது, நின்றபடியே. இவற்றோடு குடும்ப நல்லிணக்க உபகுழு என்று ஒன்றையும் மூன்று வருஷத்துக்கு முன்னால் விளக்கேற்றித் தொடங்கியிருந்தார்கள். அதன் பிறகு தோட்டத்தில் சண்டை போட்ட தம்பதிகள் உண்டு, மண்டை உடைந்தவர்களும் உண்டு. ஆனால் உபகுழுவைத் தேடி ஒருவரும் வரவில்லை. தலைவர் நல்லுசாமிக்கு இது தீராத மனக்குறை.

அந்தக் குறையைத் தீர்த்துவைத்தவள் குமுதா. தீர்க்க வேண்டும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

குமுதா பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்பவள். திருச்செல்வத்தோடு ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தினாள். அடிதடி இல்லை, குடி இல்லை. கடைசி இரண்டு வருஷம் பேச்சும் இல்லை. ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு, அம்மா இராசம்மாவின் தொழிலாளர் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டாள். “ரெஸ்ட் எடுக்க வந்திருக்கா” என்று இராசம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். ரெஸ்ட் ஒன்றரை வருஷம் நீண்டு, கோர்ட்டில் போய் முடிந்தது. மகள் வாழாமல் வந்துவிட்டாள் என்ற வெட்கத்தில் இராசம்மா போன வருஷத் திருவிழாவுக்குக்கூடப் போகவில்லை. கூட்டமில்லாத வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போய் ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்பிவிடுவாள்.

கோர்ட்டு தீர்ப்பு வந்த வாரம் குமுதா திருச்செல்வத்துக்குப் போன் செய்தாள்.

“எங்க வீட்டு சாமான எடுத்துக்கவா?”

“எடுத்துக்க. ஞாயித்துக்கிழம நானே லோரில போட்டுக்கிட்டு வந்துடறேன்.”

அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. திருச்செல்வம் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவன்; பாத்திரம் ஏற்றுவது அவனுக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் பிறந்து வளர்ந்தது இந்தத் தோட்டம் என்பதால் கோயிலுக்கு வந்தவன், “என்னப்பா விசேஷம்?” என்று நல்லுசாமி கேட்டதும் உள்ளதைச் சொல்லித் தொலைத்தான்.

நல்லுசாமி தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பென்ஷன் வாங்கிய கிராணி. ஆபீஸ் நாற்காலியை விட்டு வந்தாரே ஒழிய, ஆபீஸ் அவரை விடவில்லை. “நீயா தூக்கிக் குடுத்துருவியா? முறைன்னு ஒண்ணு இல்லியா? நாளைக்கு அந்தப் பொண்ணு கரண்டி கொறையுதுன்னா யாரு பதில் சொல்றது? உபகுழு எதுக்கு லா இருக்கு?” என்றார். அவர் கண்ணில் தெரிந்தது கோபமல்ல, ஆனந்தம்.

குமுதாவுக்கு அந்தச் சாமான்களில் ஒன்றே ஒன்றுதான் முக்கியம். இராசம்மாவின் செப்பு அண்டா. இராசம்மா கல்யாணமாகி வரும்போது அவள் அப்பா கொடுத்தது. வெடவெடக்கும் காலைகளில் அதில்தான் வெந்நீர் கொதிக்கும். கொழுந்து கிள்ளப் போகும் முன்னால் இராசம்மா குளிப்பதும், அப்புறம் குமுதாவைக் குளிப்பாட்டுவதும் அந்த வெந்நீரில்தான். குமுதாவின் கல்யாணத்தில் சீர் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அந்த அண்டாவையும் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து இராசம்மாவுக்குச் சின்ன எலெக்ட்ரிக் கெட்டில்தான். அதில் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்து வாளியில் ஊற்றுவதற்குள் முதலில் ஊற்றியது ஆறிப்போகும். முட்டிவலியோடு அம்மா ஆறிய தண்ணீரில் குளிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் குமுதா கூனிக் குறுகினாள். ஒரு வாழ்க்கையைத் தொலைத்தாகிவிட்டது, அண்டாவையாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

உபகுழுவின் கூட்டம் கோயில் மண்டபத்தில் கூடியது. கடவுள் வாழ்த்து முடிந்து வரவேற்புரை வந்தது. செயலாளர் சுகுமாரன் மைக் செட் வாடகைக்கு விடுபவர். மண்டபத்தில் இருந்தது ஏழெட்டுப் பேர். இருந்தாலும் மைக் இல்லாமல் கூட்டம் நடத்துவது அவர் தொழிலுக்கே துரோகம்.

“நம் உபகுழுவின் நெடுநாள் கனவை நனவாக்க வந்திருக்கும் குமுதா, திருச்செல்வம் தம்பதியரை, மன்னிக்கவும், முன்னாள் தம்பதியரை வருக வருக என வரவேற்கிறேன்.”

கைதட்டினார்கள். குமுதா தரையைப் பார்த்தாள். திருச்செல்வமும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருஷத்தில் இருவரும் ஒரே இடத்தைப் பார்த்தது அன்றுதான்.

நல்லுசாமி மைக்கை வாங்கினார். “குடும்பம்னா விட்டுக்குடுக்கணும். என்னையே எடுத்துக்கங்க. கல்யாணமாகி நாப்பத்தோரு வருஷம். எங்க வீட்டுல சண்டையே கெடையாது. என் சம்சாரம் என்னை எதுத்து ஒரு வார்த்த பேசினதில்ல. இப்ப ரெண்டு வருஷமா ஈப்போவுல மகன் வீட்டுல இருக்கா, அங்கேருந்தும் ஒரு வார்த்த பேசல. அதான் குடும்பம்.”

அதற்கும் கைதட்டினார்கள்.

“ஐயா, எனக்கு மத்ததெல்லாம் வராட்டியும் பரவால்ல. எங்கம்மாவோட செப்பு அண்டா மட்டும் வந்தா போதும்” என்றாள் குமுதா.

திருச்செல்வம் சட்டென்று கழுத்தைத் தடவிக்கொண்டான். நல்லுசாமி கையை உயர்த்தினார். “தனிப் பொருளா கேக்கறது முறையில்ல. மொதல்ல எது யாருதுன்னு முடிவு பண்ணணும். பாத்திரத்துல பேரு வெட்டியிருக்கா?”

“வெட்டியிருக்கு.”

“யாரு பேரு?”

குமுதாவுக்கு முகம் சிவந்தது. “அவரு பேரு” என்றாள்.

அது இராசம்மாவின் கைங்கரியம். கல்யாணத்துக்கு முன்னால் ஈப்போவில் எவர்சில்வர் சாமான் வாங்கியபோது, கடைக்காரன் யார் பெயரை வெட்டட்டும் என்று கேட்டான். இராசம்மா பெருமையோடு நிமிர்ந்து, “மாப்பிள்ள பேர வெட்டுங்க” என்றாள். குடத்திலிருந்து கரண்டிவரை, இட்லித் தட்டின் ஒவ்வொரு குழி உட்பட, எல்லாவற்றிலும் ‘T. திருச்செல்வம்’ என்று வெட்டித் தந்தான் அவன். சொந்தக் காசில் வாங்கிய சாமானுக்கு அடுத்த வீட்டுப் பையனை எழுத்துமூலமாக முதலாளி ஆக்கிவிட்டு, அதைச் சீர் என்று ஊர்வலமாகவும் எடுத்துப் போனார்கள். மாப்பிள்ளை நிரந்தரம் என்று நினைத்துவிட்டாள் பாவம்.

“அப்பறம் என்ன? பேரு யாருதோ பொருள் அவருது” என்றார் நல்லுசாமி.

“எனக்கு வேணாங்க. அவளே எடுத்துக்கட்டும்” என்றான் திருச்செல்வம்.

“நீ உணர்ச்சிவசப்படாத லா. உபகுழு ஒன் உரிமையக் காப்பாத்திக்கிட்டு இருக்கு.”

கடைசியில் சுகுமாரன்தான் வழி கண்டுபிடித்தார். சாமான் திருச்செல்வத்தினுடையது. ஆகவே அவன் அவற்றை குமுதாவுக்குச் சீராக வழங்கலாம். சீர் வழங்குவதை முறைப்படி விழாவாகத்தான் செய்ய முடியும். விழா என்றால் மேடை, பந்தல், மைக் செட். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குமுதா கை தூக்கவில்லை. அவள் உறுப்பினர் இல்லை என்பதால் அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

விழா நாளன்று கோயிலுக்கு ஏறும் வழியில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். குமுதா அதை அண்ணாந்து படித்தாள். ‘பொருள் ஒப்படைப்புப் பெருவிழா’ என்று கொட்டை எழுத்து. அதன் கீழே அவளும் திருச்செல்வமும் மாலையும் கழுத்துமாக நிற்கும் கல்யாணப் படம். இருவரும் சேர்ந்து எடுத்த படம் வேறு கிடைக்கவில்லையாம். ஓரத்தில் கைகூப்பியபடி நல்லுசாமி, மூலையில் இருந்த அம்பாள் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

பேனரைப் பார்த்தவர்கள் பார்த்தபடி புரிந்துகொண்டார்கள். கம்போங் ராஜாவிலிருந்து இராமையா மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். குமுதாவின் கையில் ஒரு கவரைத் திணித்து, “மறுபடி சேந்துட்டீங்களாம்ல? ரொம்ப சந்தோசம்மா. இனிமேயாச்சும் விட்டுக்குடுத்துப் போங்க” என்றார். இல்லை மாமா, இது பிரிந்ததற்கான விழா என்று எப்படிச் சொல்வது? குமுதா கவரை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். சொல்லிவிட்டு, மண்ணுக்குள் போய்விடலாமா என்று பார்த்தாள்.

இராசம்மா கடைசி வரிசையில், ஸ்வெட்டருக்கு மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, பாதி முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்தாள். ரெஸ்ட் என்று அவள் சொன்ன கதை இன்றோடு மைக்கில் முடியப்போகிறது.

மேடையில் ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கொடுத்தார்கள். திருச்செல்வம் நீட்ட வேண்டும், குமுதா வாங்க வேண்டும், இருவரும் போட்டோவுக்கு நேராகத் திரும்ப வேண்டும். “எவர்சில்வர் குடம்! இட்லிக் கொப்பரை!” என்று சுகுமாரனின் குரல் தேயிலைச் சரிவு முழுக்கக் கேட்டது. தெரிந்தவர்கள் சிரித்தார்கள், தெரியாதவர்கள் கைதட்டினார்கள். குமுதா விட்டுவந்த துணிமணிகளைத் திருச்செல்வம் ஒரு பையில் மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அதை அப்படியே கொடுத்திருக்கலாம். சுகுமாரன் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று பையைப் பிரித்துக் கையை விட்டார்.

“அடுத்ததாக ஒரு சேலை. இன்னொரு சேலை. இதோ...” கையில் வந்ததைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். கூட்டமும் பார்த்துவிட்டது. “மகளிர் சம்பந்தப்பட்ட பொருளாக இருப்பதால் மகளிர் பிரிவுத் தலைவி அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!”

மகளிர் பிரிவுத் தலைவி மேடையேறினார். முதலில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. அதன் பிறகு அவர் அந்த உள்ளாடையை இரண்டு விரலால் தூக்கி, குமுதாவிடம் மரியாதையோடு ஒப்படைத்தார். போட்டோக்காரர் இன்னொரு முறை கேட்டார். குமுதாவின் காது இரண்டும் நெருப்பாக எரிந்தன. திருச்செல்வம், “போதும் விடுங்க, போதும் விடுங்க” என்று முனகினான். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

எல்லாம் முடிந்தது. அண்டா வரவில்லை.

“அண்டா எங்க?” என்று குமுதா மெதுவாகக் கேட்டாள்.

திருச்செல்வம் அவளைப் பார்க்கவில்லை. “போன வருஷம் திருவிழாவுல உபயம் கேட்டாங்க குமுதா. ஒவ்வொருத்தன் பேரா மைக்குல சொல்லிச் சொல்லிக் கேட்டாங்க. எல்லாரும் குடுத்தாங்க. என் பேரு வந்தப்ப கையில ஒண்ணும் இல்ல. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. வெக்கமா போச்சு. அண்டாவ குடுத்துட்டேன்.”

அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். முடியவில்லை. ஊரே திரும்பிப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மேடைக்குப் பின்னால் சமையல் கொட்டகைக்குப் போனாள். அடுப்பில் அண்டா இருந்தது. விழாவுக்கு வந்தவர்களுக்கு அதில்தான் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. வயிற்றில் சிவப்புப் பெயின்ட்டில் ‘உபயம்: திருச்செல்வம் குடும்பத்தார்’ என்று எழுதியிருந்தார்கள். பெயின்ட்டுக்கு அடியில், உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய, அவளே மறந்துபோயிருந்த ‘இராசம்மா’ மங்கலாகத் தெரிந்தது.

குமுதா மேடைக்குத் திரும்பி நல்லுசாமியிடம் சொன்னாள். “ஐயா, பேரு யாருதோ பொருள் அவருதுன்னீங்களே. அண்டாவுல எங்கம்மா பேருதான் வெட்டியிருக்கு.”

நல்லுசாமி சட்டத்தில் சிக்குகிற ஆளில்லை. “அது மனுஷனுக்குள்ள உள்ள சட்டம். ஆத்தா கிட்ட வந்துட்டா அது கோயில் சொத்து. சூரிய சந்திரர் இருக்கற வரைக்கும் கோயில் சொத்து. அந்த அண்டாவத் தொட்டுக் கும்பிட்டு ஏத்துக்கிட்டதே நான்தான். திருப்பிக் கேட்டா தெய்வ குத்தம் லா.” பிறகு அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார். “ஒண்ணு பண்ணலாம். ஒங்கம்மா பேரும் இருக்கறதால இது ரெட்ட உபயம். அவங்களுக்கும் ஒரு பொன்னாட போட்டுடுவோம்.”

குமுதா வேண்டாம் என்று சொல்வதற்குள் சுகுமாரன் மைக்கில் அழைத்துவிட்டார். “செப்பு அண்டா உபயதாரர் திருமதி இராசம்மா அவர்கள் மேடைக்கு வரவும்!”

முப்பத்தைந்து வருஷம் கொழுந்து கிள்ளிய இராசம்மாவின் பெயர் அந்த மைக்கில் வந்தது அதுதான் முதல் தடவை. துண்டு நழுவியதுகூடத் தெரியாமல் எழுந்தாள். வரிசைகளைத் தாண்டி நடந்து வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்ததை குமுதா பார்த்தாள். அண்டா போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அம்மா ஒரு பொன்னாடைக்கு அதை விட்டுக்கொடுக்கப் போகிறாள். இவ்வளவு கூத்துக்கும் பிறகு இந்த மேடையில் சிரித்துக்கொண்டு ஏறுகிறாளே என்று அம்மாவை நினைத்து குமுதாவுக்கு வெட்கமாக இருந்தது. பெற்றவளை நினைத்து வெட்கப்படுகிறோமே என்று அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது.

நல்லுசாமி பொன்னாடை போர்த்தினார். அண்டாவைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினார். கோயில் சொத்து, ரெட்ட உபயம், தெய்வ குத்தம் எல்லாம் வந்தது. இராசம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். “அம்மா ரெண்டு வார்த்த பேசணும்” என்று சுகுமாரன் மைக்கை நீட்டினார். கூட்டத்தில் தேத்தண்ணி கிளாஸ்கள் கைமாறிக்கொண்டிருந்தன.

“எல்லாருக்கும் வணக்கங்க. எனக்குப் பேசத் தெரியாது. அந்த அண்டா எங்கப்பா குடுத்தது. கோயிலுக்கு ஒதவுறது சந்தோசந்தான்.”

கைதட்டல் எழுந்தது. இராசம்மா சன்னதிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மைக்கைப் பிடித்தாள்.

“ஆனா ஒண்ணு சொல்லிடணுங்க. மறைச்சா பாவம். இவ பொறந்த வருஷம் ஓயாத மழ. துணி காயாது. இவளுக்கு வயித்தால போயிக்கிட்டே இருக்கும். இவ பீத்துணியெல்லாம் அந்த அண்டாவுலதான் சோடாப்பு போட்டு அவிப்பேன். தெனமும். ஈயம் பூசிட்டீங்கன்னா ஒண்ணும் இல்ல.” அவள் நல்லுசாமியைப் பார்த்துக் கேட்டாள். “பூசினீங்களா ஐயா?”

கிளாஸை வாயருகே கொண்டுபோனவர்கள் அப்படியே நின்றார்கள். முன்வரிசையில் இராமையா மாமா தன் கிளாஸை மெதுவாக நாற்காலிக்குக் கீழே வைத்தார். மகளிர் பிரிவுத் தலைவி பொன்னாடை முனையால் வாயைத் துடைத்தார். யாரோ ஓடிப்போய் வாந்தி எடுக்கும் சத்தம் கொட்டகைப் பக்கம் கேட்டது.

“மைக்க நிறுத்து லா!” என்றார் நல்லுசாமி. அதுவும் மைக்கில்தான் கேட்டது.

அதன் பிறகு அவர் பேசியதை அந்தத் தோட்டம் சுலபத்தில் மறக்காது. “இந்த அண்டா எப்ப கோயிலுக்கு வந்துச்சு? யாரு ஏத்துக்கிட்டா? நான் அப்ப ஊர்லயே இல்ல. எந்தப் பதிவுலயும் இது இல்ல. இது கோயில் சொத்துன்னு சொன்னவன் எவன்? பேருதான் வெட்டியிருக்கே, கண்ணு தெரியல? பேரு யாருதோ பொருள் அவருது! தூக்கிட்டுப் போங்க, மொதல்ல தூக்கிட்டுப் போங்க!” மூச்சு வாங்கியவர், பரிகாரத்துக்கு ஓர் உபகுழு அமைக்கப்படுவதாக அறிவித்துவிட்டு உட்கார்ந்தார்.

குமுதாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உள்ளாடையை ஊர் பார்த்தாகிவிட்டது. இப்போது முப்பது வருஷத்துக்கு முந்தைய பீத்துணியும் மைக்கில் ஏறிவிட்டது. கூட்டத்தில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். இராசம்மா பொன்னாடையைக் கழற்றி, நான்காக மடித்து, நாற்காலி மேல் வைத்துவிட்டு இறங்கினாள். எடுத்துக்கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை. மேடையேறியபோது எழுந்து வழிவிட்ட பெண்கள் இப்போது காலை இழுத்துக்கொண்டார்கள்.

தேத்தண்ணியைச் சாக்கடையில் கொட்டி, சூடு ஆறியதும் அண்டாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து லோரியில் ஏற்றியவன் திருச்செல்வம்தான். வேறு யாரும் கிட்டே வரவில்லை. லயத்து வாசலில் இறக்கி வைத்துவிட்டு, “மன்னிச்சிடுங்க அத்த” என்றான்.

“பனி எறங்குது, மெதுவா போப்பா” என்றாள் இராசம்மா.

லோரி போன பிறகு குமுதாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “ஏம்மா, அத்தன பேரு முன்னாடி அதச் சொல்லணுமா? நெசமாவே என் துணிய இதுலயா அவிச்ச?”

“சீச்சீ. குளிக்கிற வெந்நி வைக்கிற அண்டாவுல யாராச்சும் பீத்துணி அவிப்பாளா? அதுக்குத் தனியா ஒரு தகர டின்னு இருந்துச்சு.”

குமுதா அண்டாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இராசம்மா தலையைக் குனிந்துகொண்டு, நகத்தால் அந்தச் சிவப்புப் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இராசம்மா வழக்கம்போல விடிகாலையில் குளித்துக் கிளம்பினாள். துணைக்கு குமுதாவும் போனாள். கோயில் வாசலுக்கு வந்ததும் இராசம்மா ரோட்டிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பூசாரி மட்டும்தான் இருந்தார்.

“உள்ள வாம்மா. யாரும் இல்ல. நீ சொன்னது பொய்யின்னு அவங்களுக்கா தெரியப்போகுது?”

“அவங்களுக்குத் தெரியாது. ஆத்தாளுக்குத் தெரியும்.” இராசம்மா செருப்பைக் கழற்றி, ஈரத் தாரில் நின்றபடியே சன்னதியைப் பார்த்துக் கைகூப்பினாள். “நீ போயிட்டு வா. எனக்கு அவ மூஞ்சியப் பாக்க வெக்கமா இருக்கு.”